செல்லக்கனியின் தலைப்பிரசவம்

வெயிலுமுத்து லைனின் ஒரே உல்லாசக் கப்பலான செல்லக்கனிக்கு முதல் வாந்தி வந்தது ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வழியில், காலை இட்லிப் பந்தி பாதி நடந்துகொண்டிருந்தபோது. சமையலறையில் சாம்பாருக்குப் பெருங்காயம் தாளித்த வாசனை எஞ்சின் அறைவரை இறங்கிய நிமிடத்தில் கப்பல் ஒரு தரம் உடம்பைக் குலுக்கி, நங்கூரச் சங்கிலி இறங்குகிற துளை வழியாக மஞ்சள் மஞ்சளாக ஒரு பாட்டம் தண்ணீரைக் கக்கிவிட்டு, எஞ்சினைத் தானே அணைத்துக்கொண்டு நடுக்கடலில் நின்றுவிட்டாள். நம்பாதவர்கள் பஸ்ஸில் போகலாம்.

கப்பலில் விருந்தினர் குறை கேட்கும் வேலை பாக்கியசீலியுடையது. ஐம்பது வயது, இருபத்திரண்டு வருடச் சர்வீஸ், காதுக்குப் பின்னால் ஒரு பென்சில், கையில் புகார்ச் சீட்டுக் கட்டு. அன்று காலை அவளிடம் பதினேழு சீட்டுகள் வந்து சேர்ந்தன. காப்பி தளும்பிப் புடவையில் கொட்டிவிட்டது என்று ஒன்பது. கப்பலின் நடத்தை சரியில்லை என்று முப்பத்தாறாம் அறையிலிருந்த ஓய்வுபெற்ற தாசில்தாரிடமிருந்து ஒன்று. மிச்சம் ஏழும் நின்றுபோன இட்லி எப்போது மறுபடி வரும் என்று கேட்டவை. எந்தக் குறைக்கும் அடுத்த சாப்பாட்டுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது கம்பெனி விதி, ஆகையால் மதியம் பன்னிரண்டரைவரைதான் அவளுக்கு நேரம் இருந்தது.

அந்த விதியை எழுதியவர் கம்பெனியை ஆரம்பித்த பெரிய வெயிலுமுத்து. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியில் வெங்காயமும் வற்றலும் ஏற்றிக்கொண்டிருந்தவர், ஒரு வருடம் மூட்டைகளின்மேல் ஒரு கல்யாணக் கூட்டத்தை உட்காரவைத்துக் கொண்டுபோய் இறக்க நேர்ந்தது. வழி நெடுக அவர்கள் தின்றதையும் பாடியதையும் சண்டை போட்டதையும் சமாதானமாகி மறுபடி தின்றதையும் பார்த்தவர், ஆட்கள் வெங்காயத்தைப்போலச் சீக்கிரம் அழுகுவதில்லை என்ற வியாபார ஞானத்தை அடைந்து, தோணியை விற்று, எங்கோ ஒரு குளிர்தேசத்திலிருந்து யார் வாயிலும் நுழையாத பெயர்கொண்ட ஒரு கப்பலை வாங்கிக்கொண்டு வந்தார். ஐந்தும் ஆணாகப் பெற்று ஒரு பெண்ணுக்காக ஏங்கிக் கிடந்த மனிதர். கப்பலுக்குச் செல்லக்கனி என்று பெயர் வைத்து, மூக்கில் மஞ்சள் பூசி, பூசணிக்காய் உடைத்து, ஆறாவது பிள்ளையாகக் குடும்ப அட்டையிலும் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்தார். கப்பலுக்குச் சர்க்கரை கிடையாது என்று அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து நாற்பத்துமூன்று வருடமாக, வேறு எந்தக் கப்பலிலும் இல்லாத வழக்கங்களோடு அவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஏறுகிறவர்களை ‘நல்வரவு’ என்று யாரும் வரவேற்பதில்லை, ‘சாப்டாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். மிதவைச் சட்டை போடும் பயிற்சி காலைக் காப்பிக்கு முன்னால்தான் நடக்கும், காப்பி கிடைத்துவிட்டால் அப்புறம் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பதால். நீச்சல் குளத்தில் பெண்கள் புடவையோடு இறங்கலாம், ஆனால் அலசக் கூடாது. மேல்தளத்துச் சாய்வு நாற்காலிகளைப் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோலத் துண்டு போட்டுப் பிடிப்பார்கள், துண்டு யாருடையது என்ற வழக்கைக் கேப்டன் தீர்த்துவைப்பார். இறங்கும்போது ஒருவர் கையும் வெறுங்கையாக இருக்கக் கூடாது, ஒரு சீப்பு வாழைப்பழமாவது இருக்க வேண்டும்.

இத்தனையையும் இருபத்திரண்டு வருடம் கட்டிக் காத்த பாக்கியசீலிக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் கொழும்பில் ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் பெரிய வெயிலுமுத்துவின் பேரன் தங்கத்துரை, இப்போதைய முதலாளி. தண்ணீரைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். கப்பல் கம்பெனி முதலாளி ஆகிப் பத்து வருடத்தில் ஏணிப்படிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. வருகிற தை மாதம் செல்லக்கனியைக் கடலூர்ப் பக்கத்தில் கப்பல் உடைக்கும் துறை வைத்திருக்கும் காசிலிங்கத்திடம் ஒப்படைப்பதாகக் கையெழுத்து ஆகிவிட்டது, கம்பெனி இனிமேல் மலைமேல் ஹோட்டல் கட்டப் போகிறது, மலை ஆடாது, விஷயம் விருந்தினர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தார். சீலி அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கரையில் அவளுக்குத் தங்கை வீடு உண்டு, கட்டில் உண்டு. ஆனால் ஆடாத கட்டிலில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. இந்தக் கப்பல்மேல் அவளுக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை, அதை யாரிடமும் சொன்னதுமில்லை. முதல் நாள் இரவு முழுக்க அழுததில் கண் வீங்கியிருந்தது.

பதினெட்டாவது புகாரைச் சீட்டில் எழுதாமல் நேரில் சொல்ல வந்தவள் குருவம்மா. சாத்தூர் மாதர் சங்கத்திலிருந்து வந்த அறுபது பேருக்குத் தலைவி, முப்பத்தெட்டு வருடம் கிராமத்து நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடலைப் பார்ப்பதற்காக வந்தவள் இரண்டு நாளாகக் கடலைப் பார்க்காமல் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏத்தா, எண்ணெயில அழுக்குன்னு அந்தத் தொப்பிக்காரரு சொல்லுறாரு. எண்ணெயில ஒண்ணுமில்ல. என்னயக் கொஞ்சம் கீழ கூட்டிட்டுப் போ.”

சீலி அவளைச் சலவை அறைக்குப் பின்னால், கப்பலின் இரும்பு வெறும் இரும்பாகத் தெரிகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குருவம்மா வளையலை மேலே தள்ளிவிட்டு, உள்ளங்கையை இரும்பில் வைத்து, அப்புறம் காதையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றாள்.

“நாடி ரெண்டு ஓடுது.”

“எஞ்சின் ரெண்டுல்லா யம்மா.”

“எஞ்சினத்தான் நிப்பாட்டியாச்சே.”

சீலியும் இரும்பில் காதை வைத்தாள்.

“மூணு முடிஞ்சி நாலு நடக்குது. தலப்பிரசவம். வயசு என்ன இவளுக்கு?”

“இங்க வந்து நாப்பத்திமூணு.”

“கொஞ்சம் பிந்திப்போச்சு. பரவால்ல, பாத்துக்கிடலாம். யாராச்சும் ஒரு மாங்கா குடுங்க.”

சாத்தூர்க்காரிகள் அறுபது பேரும் பயணத்துக்கென்று கூடை கூடையாகக் கொண்டுவந்திருந்த புளிப்பு மாங்காயை உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி நங்கூரத் துளை வழியாகப் போட, பதினோராவது மாங்காய்க்கு எஞ்சின் தானாக முனகிக்கொண்டு கிளம்பியது. கேப்டன் இன்னாசி, மணப்பாட்டுக்காரர், முப்பது வருடம் கடலில் கழித்தவர், எஞ்சினைக் கழற்ற எடுத்திருந்த திருகுக் குறட்டைக் கீழே வைத்தார்.

“கம்பெனி விதியில இதுக்கு எடமில்லயே, சீலி.”

“கூடாதுன்னும் போடலயே, கேப்டன்.”

பன்னிரண்டேகாலுக்கு ஒலிபெருக்கியில் சீலியின் குரல் வந்தது. “விருந்தினர்களுக்கு வணக்கம். காலையில் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம். கப்பல் மாசமாக இருக்கிறது. மதியச் சாப்பாட்டில் பெருங்காயம் இருக்காது.”  உடனே ஐந்து தளத்திலிருந்தும் ஒரே குரலாக ‘எத்தனாவது மாசம்?’ என்ற கேள்வி எழுந்தது. தாசில்தார் தன் சீட்டைத் திரும்ப வாங்கி, விவரம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று அடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு கப்பல் எப்படிப் பிள்ளை உண்டாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்டானவளை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் ஆளுக்கொரு அபிப்பிராயம் வந்தது. பழத்தட்டிலிருந்து பப்பாளியை எடுத்தார்கள், அன்னாசியையும் எடுத்தார்கள், எடுத்ததைப் பற்றிப் புகார் கொடுத்த ஒரே ஒரு கல்லூரி விரிவுரையாளரை அவர் மனைவியே அதட்டி உட்காரவைத்தாள். திடீர்ச் சத்தத்தில் பயந்துவிடக் கூடாதென்று சங்கு ஊதுவதை நிறுத்திப் பள்ளிக்கூட மணி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். கிரகண நாளில் மூக்கு முதல் வால்வரை தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வேகமாக நடக்கக் கூடாதென்று பெண்கள் சொன்னதால் ஆறு நாள் பயணம் ஒன்பது நாள் ஆயிற்று, மூன்று நாள் கூடுதலாகச் சாப்பாடு கிடைத்ததில் விருந்தினர்களுக்கு ஆட்சேபம் இல்லை. மண் தின்னும் ஆசை வந்தபோது அவள் கேப்டனைக் கேட்காமலேயே கரைப் பக்கம் ஒதுங்கி மணப்பாட்டுக்குத் தெற்கே மணலில் மூக்கை உரசிக்கொண்டு நின்றாள். விஷயம் தெரிந்த ஊர்க்காரர்கள் தேரி மணல்மேட்டிலிருந்து செம்மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து, கட்டி இல்லாமல் சலித்துக் கொடுத்தார்கள். துறைமுக ஆபீஸில், கப்பல் ஒவ்வொரு தரமும் முன்னைவிட ஆழமாகத் தண்ணீரில் இறங்கியிருப்பதைக் குறித்துக்கொண்ட குமாஸ்தா, காரணம் என்ற இடத்தில் ‘ஏழு மாதம்’ என்று எழுதிவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போனார்.

தகப்பன் யார் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. ஒரு கட்சி கொழும்புத் துறைமுகத்தின் வழிகாட்டிப் படகைச் சொன்னது, முன்னாலேயே ஓடி ஓடி வழி காட்டியது சும்மாவா என்று. இன்னொரு கட்சி மணப்பாட்டுக் கலங்கரை விளக்கத்தைச் சந்தேகப்பட்டது, நின்ற இடத்தில் நின்றுகொண்டு போகிற வருகிற கப்பலுக்கெல்லாம் கண்ணடிக்கிறவன் அவன்தானே என்று. குருவம்மா இரண்டு கட்சியையும் விரட்டினாள். “யாரு என்னன்னு பெத்து எடுத்தப்புறம் பேசிக்கிடலாம். வயித்துல இருக்கிற பிள்ளைக்குக் காது கேக்கும்.” அவள் அந்த முதல் பயணத்துக்கப்புறம் சாத்தூருக்குத் திரும்பவே இல்லை. சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு படுக்கை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கொண்டாட்டத்துக்கெல்லாம் நடுவில் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவள் சீலி ஒருத்திதான். பிள்ளைத்தாய்ச்சியை விற்க யாருக்கு மனசு வரும் என்ற நப்பாசையில், ஒருநாள் தூத்துக்குடியில் இறங்கி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனாள். தங்கத்துரை மலை ஹோட்டலின் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மாசமா இருந்தா என்னம்மா? ஒண்ணுக்கு ரெண்டா இரும்பு. காசிலிங்கம் சந்தோஷம்தான் படுவாரு.”

படியிறங்கும்போது சீலி தலையிலிருந்த பூவைப் பிய்த்துப் போட்டாள். இந்த ஆளை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

தங்கத்துரையிடம் ஒரு பழக்கம் இருந்தது. கம்பெனியிலிருந்து எந்த நோட்டீஸ் அச்சுக்குப் போனாலும் அவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் பார்ப்பதோ தன் போட்டோ மற்றவர்கள் போட்டோவைவிடப் பெரியதாக இருக்கிறதா என்பதை மட்டும்தான். இதைச் சீலியைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கார்த்திகையில் ஒன்பதாம் மாதம் பிறந்ததும், செல்லக்கனியின் வளைகாப்புக்கு அவள் ஓர் அழைப்பிதழ் எழுதினாள். தெய்வத்தின் படம்கூட மூலையில் சின்னதாக ஒதுங்க, நடுவில் தங்கத்துரையின் போட்டோவைச் சாப்பாட்டுத் தட்டளவுக்குப் போட்டு, அதற்குக் கீழே, ‘எங்கள் அத்தை திருநிறைச்செல்வி செல்லக்கனியின் வளைகாப்புக்குத் தங்கள் வரவை நாடும், பிறந்த வீட்டார், வெ. தங்கத்துரை’ என்று போட்டிருந்தாள். அவர் பார்த்தார், ரொம்ப நல்லா இருக்கு என்றார், இரண்டாயிரம் போதாது நாலாயிரம் அடிக்கச் சொன்னார்.

வளைகாப்பு அன்றைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. கப்பலின் கைப்பிடிக் கம்பி முழுக்க மிதவை வளையங்களைச் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசித் தொங்கவிடத் தயாராக அடுக்கியிருந்தார்கள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், எள்ளுச் சாதம், தயிர்ச் சாதம் என்று ஐந்து அண்டா ஆவி பறந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். கேமரா என்றதும் தங்கத்துரையும் வந்துவிட்டார், பட்டு வேட்டி கட்டி, மூக்கில் ஓர் எலுமிச்சம்பழத்தை அழுத்திக்கொண்டு. ஏணிப்படிக்கு அந்தப் பக்கம் அவர் கால் வைத்த உடனே குருவம்மா சந்தனக் கும்பாவை நீட்டினாள்.

“வாங்க வாங்க. மொதச் சந்தனம் பொறந்த வீட்டு ஆளுதான் பூசணும்.”

“நானா?”

“பெரியவரு மகள்னா ஒங்க அப்பாவுக்குத் தங்கச்சி. ஒங்களுக்கு அத்த முறை. அந்தா பத்திரிகையிலயே போட்டிருக்கீகளே.”

தங்கத்துரை பத்திரிகையைப் பார்த்தார். தன் முகத்துக்குக் கீழே இருந்ததை முதல் முறையாகப் படித்தார். சீலியைப் பார்த்தார். சீலி கேமராவைக் காட்டினாள். நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் அத்தையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? சந்தனத்தை எடுத்துக் கப்பலின் மூக்கிலும் கன்னத்திலும் பூசினார், குங்குமம் வைத்தார், முதல் சிவப்பு வளையத்தைத் தூக்கி மாட்டினார். குருவம்மா ஒலிபெருக்கியைப் பிடுங்கி, “இனிமே பொண்ணு பொறந்த வீட்டுப் பொறுப்பு. பெத்து எந்திரிக்கிற வரைக்கும் எங்கயும் அனுப்பக் கூடாது,” என்று அறிவித்தாள். குலவைச் சத்தம் துறைமுகத்தைத் தூக்கியது. தங்கத்துரை கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தி எடுத்தார். அத்தைக்கு வந்தது மருமகனுக்கும் வந்துவிட்டது என்று பெண்கள் சிரித்தார்கள்.

சீலிக்குச் சிரிப்பு வரவில்லை. பெத்து எந்திரிக்கிற வரைக்கும் சரி, அதற்கப்புறம்?

அதே கேள்வியைத்தான் தை முதல் தேதி காசிலிங்கமும் கேட்டார். ஒப்பந்தக் காகிதத்தோடு, செல்லக்கனியைக் கட்டி இழுத்துப்போகத் தன்னுடைய இழுவைக் கப்பல் வீரபாகுவிலேயே கடலூரிலிருந்து வந்து இறங்கினார். அறுபது வயது, குட்டையான உடம்பு, எழுபத்தோரு கப்பலை உடைத்த கை. தங்கத்துரை அவரைத் தனியாக அழைத்துப்போய்க் காதைக் கடித்தார்: ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று நாள், பிள்ளை பிறந்துவிட்டால் என் பொறுப்பு முடிந்தது, அன்றைக்கே இழுத்துக்கொண்டு போங்கள். “ஆகட்டும்,” என்றார் காசிலிங்கம், “காத்திருக்கேன். ஆனா ஒரு நாள் கூடினாலும் ஒத்துக்க மாட்டேன். இரும்புக்குத் தீட்டும் கிடையாது, பத்தியமும் கிடையாது.” சுவரோரம் நின்ற சீலியின் காதில் அத்தனையும் விழுந்தது.

அந்த இரண்டு நாளும் வீரபாகு ஓர் இடத்தில் நிற்கவில்லை. துறைமுக வாசலில் கட்டிப் போட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு செல்லக்கனி பக்கம் வந்து நின்றது. திருப்பிக் கொண்டுபோய் இரட்டைக் கயிறு போட்டார்கள், அதுவும் அறுந்தது. நீரோட்டம் சரியில்லை என்றார் காசிலிங்கம். நீரோட்டம் எதிர்ப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு வலி எடுத்தது. செல்லக்கனி பள்ளிக்கூட மணியையும் மீறி அடிவயிற்றிலிருந்து ஒரு சங்கொலி கொடுத்தாள், கடைகளெல்லாம் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடி வந்தன. கப்பலின் எல்லாக் கொதிகலனிலும் வெந்நீர் போட்டார்கள். குருவம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சின்னப் படகில் கப்பலின் பின்பக்கம் போய் நின்று, “இன்னும் கொஞ்சந்தாத்தா, இன்னும் கொஞ்சந்தான், மூச்ச அடக்காத,” என்று சொல்லிக்கொண்டே இருக்க, சீலி சரக்குத் தளத்துக்கு ஓடிப்போய் இரும்புச் சுவரில் முதுகைச் சாய்த்து, கையைப் பின்னால் கொடுத்துத் தடவிக்கொண்டே தனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் வரிசை மாற்றிச் சொன்னாள். பதினொன்று நாற்பதுக்குப் பின்பக்கத்துப் பெரிய கதவு தானாகத் திறந்தது. கடல் சோப்பு நுரைபோல வெளுத்தது. அந்த நுரைக்குள் வழுக்கிக்கொண்டு, நாற்பதடி நீளத்தில், வெள்ளையும் நீலமுமாக, பெயின்ட் ஈரம்கூடக் காயாமல் ஒரு குட்டிக் கப்பல் வந்து விழுந்தது. எட்டு அறைகள், எட்டிலும் துண்டு மடித்து வைத்திருந்தது.

“பொண்ணு!” என்று கத்தினாள் குருவம்மா.

சீலி மூச்சிரைக்க மேல்தளத்துக்கு ஏறி வந்தபோது குலவை பாதியில் நின்றுபோயிருந்தது. நுரை கலையக் கலைய எல்லோருக்கும் தெரிந்தது. குழந்தையின் மூக்கு தாயைப்போலக் கூராக இல்லை, சப்பையாக, முட்டித் தள்ளுகிற மூக்காக இருந்தது. புகைப்போக்கி ஆரஞ்சு நிறம், அதில் கறுப்புப் பட்டை. இடுப்பைச் சுற்றி, பிறக்கும்போதே கட்டிக்கொண்டு வந்த அரைஞாண்போல, எட்டுக் குட்டி டயர்கள் தொங்கின. துறைமுகத்தில் நின்ற அத்தனை தலையும் மெதுவாகத் திரும்பி, சப்பை மூக்கும் ஆரஞ்சுப் புகைப்போக்கியும் கறுப்புப் பட்டையும் இடுப்பு நிறைய டயருமாக நின்ற வீரபாகுவைப் பார்த்தன.

கேப்டன் இன்னாசி தொண்டையைக் கனைத்தார். “பங்குனியில கடலூருக்கு நேர சுக்கான் ஒடஞ்சி நின்னப்ப, இதுதான் வந்து கட்டி இழுத்துட்டு வந்துச்சி. ரெண்டு நாளு. நல்ல அமைதியான கடலு.”

“என் பையன் அப்படிப்பட்டவன் இல்ல!” என்று கத்தினார் காசிலிங்கம்.

படகிலிருந்தபடியே குருவம்மா கையைக் கழுவிக்கொண்டாள். “எல்லாப் பையன் வீட்லயும் மொதல்ல இதத்தான் சொல்லுவாக.”

அந்த நேரத்தில் குழந்தை வாயைத் திறந்து, கீச்சென்று, ஒரு புல்லாங்குழல் அளவுக்குச் சங்கு ஊதியது. வீரபாகுவில் அப்போது ஆள் யாரும் இல்லை. அதன் ஆட்கள் எல்லோரும் கரையில்தான் நின்றார்கள். ஆனாலும் அது பதில் சொன்னது. கரகரவென்று, கூச்சத்தோடு, மூன்று தரம் ஊதிவிட்டு மெல்ல நகர்ந்து வந்து, எங்கே இடித்துவிடுமோ என்று நாலடி தள்ளியே நின்றுகொண்டது.

தங்கத்துரை ஏணிப்படி அருகில் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டு, முதல் முறையாகத் தலை சுற்றாமல், “சம்பந்தி!” என்று காசிலிங்கத்தைக் கட்டிக்கொண்டார். காசிலிங்கம் அவரை உதறிவிட்டார். காகிதத்தைப் பிரித்துப் படித்தார். நாள், இடம், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. காகிதத்தில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

சீலி புகார்ச் சீட்டுக் கட்டையும் காதுப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஏணிப்படி இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். 

“அண்ணாச்சி, ஒடைக்கணும்னா ஒடைங்க. கையெழுத்து போட்டாச்சி, நாங்க தடுக்க முடியாது. பிள்ள அம்மய எங்கன்னு கேட்டா என்ன சொல்லுததுன்னு மட்டும் இந்தச் சீட்டுல எழுதித் தாங்க. இங்க எந்தக் கேள்விக்கும் அடுத்த சாப்பாட்டுக்குள்ள பதில் சொல்லணும். மணி இப்பமே பன்னெண்டு ஆவப் போவுது.”

காசிலிங்கம் பென்சிலை வாங்கினார். சீட்டைப் பார்த்தார். குட்டிக் கப்பல் டயர் டயராக ஆட்டிக்கொண்டு தாயின் வயிற்றோரம் ஒட்டி மூக்கால் முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எழுபத்தோரு கப்பலையும் அவர் மூக்கிலிருந்துதான் உடைக்க ஆரம்பிப்பார், அது அவர் வழக்கம்; இந்தக் கப்பலின் மூக்கில் சந்தனம் காய்ந்துபோய் இருந்தது. ஒன்றும் எழுதாமல் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். ஒப்பந்தத்தை எட்டாக மடித்து மடியில் செருகிக்கொண்டு, யாரைப் பார்த்தும் இல்லாமல் கேட்டார்:

“மருமகளுக்குப் பால் சுறா கொடுத்தீங்களா?”

“இன்னும் இல்ல, அண்ணாச்சி.”

“பிள்ள பெத்தவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுக்காம, என்ன பொண்ணு வீட்டுக்காரங்க நீங்க?” செருப்பை மாட்டிக்கொண்டு மீன் ஏலம் நடக்கிற பக்கம் நாலு எட்டு விறுவிறுவென்று நடந்தவர், நின்று திரும்பினார். “எத்தனை வாங்கட்டும்?”

சீலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்லக்கனியை மூக்கிலிருந்து வால்வரை ஒரு தரம் பார்த்தாள்.

“கடல்ல கெடக்குத அம்புட்டயும்,” என்றாள்.